பையன் வர்ற நாள்

இப்பிடி உக்காருங்க தம்பி. சன்னல் பக்கம் வெயிலு அடிக்கும், அங்க நான் உக்காந்துக்கறேன். வெயிலு என்னை ஒண்ணும் பண்ணாது, ராஜஸ்தான் மணல்ல பூட்ஸோட நின்ன கட்டை இது. பைய எதுக்கு மடியில வெச்சுக்கினு கஷ்டப்படறீங்க, மேல வையுங்க. மருந்துப் பையா? ரெப்புங்களா? நெனச்சேன். ஷூவப் பாத்ததுமே நெனச்சேன்.

நானா? திருவண்ணாமலைக்கு டிக்கெட்டு எடுத்துக்கீறேன். அங்க எனக்கு ஒரு வேலையும் கெடையாது. சாமி கும்புடவும் போவல. சாயங்காலம் வரைக்கும் ஊருல இருக்கக் கூடாது, அவ்ளோதான். எம் பையன் இன்னிக்கி வூட்டுக்கு வர்றான். பத்து வருசம் கழிச்சு வர்றான். அதான் நான் கெளம்பி வந்துட்டேன்.

சிரிக்காதீங்க. பையன் வர்றான்னா அப்பன் வாசல்ல நிக்கணும், இந்த ஆளு இன்னாடா பஸ்ஸுல சுத்திக்கினு கீறான்னு தோணும். எனக்கே தோணுது. எம் பொண்டாட்டி நவநீதம் படுத்த படுக்கையா கீறா. கர்ப்பப்பையில கட்டி. அது எங்கெங்கயோ பரவிடுச்சாம், வூட்டுக்கே கூட்டிக்கினு போயிடுங்கன்னு டாக்டரு கைய விரிச்சுட்டாரு. அவளுக்கு ஒரே ஆசை, பையனக் கண்ணால பாத்துட்டுப் போவணும். அவன் ஜெயில்ல கீறான். ஆயுள் தண்டனை. எம் பொண்ணு கஸ்தூரி அங்கயும் இங்கயும் நாயா அலைஞ்சு பரோலு வாங்கிச்சு. ஒரே ஒரு பகலு. போலீஸ் வண்டியில வருவான், அதே வண்டியில திரும்பிப் போயிடணும். அதுக்கு அவன் ஒரு கண்டிசன் போட்டான். 'நைனா வூட்டுல இருந்தா நான் வரமாட்டேன்.' வேற ஒண்ணும் சொல்லல.

அப்பன நைனான்னுதான் எங்க பக்கம் கூப்புடுவோம். என்னைத்தான் சொல்றான்.

இன்னா பண்ணிட்டு ஜெயிலுக்குப் போனான்னு கேக்க வாய் வருது உங்களுக்கு, கூச்சப்படறீங்க. நானே சொல்றேன். சுட்டுட்டான். எதிரிய இல்ல தம்பி. எதிரியச் சுட்டிருந்தா மெடலு குடுத்திருப்பாங்க. கூடவே துப்பாக்கி புடிச்சுக்கினு நின்ன ஆளச் சுட்டுட்டான். அதுவும் சண்ட நேரத்துல. மலை மேல சண்ட நடந்துச்சே, டிவியில ராத்திரி பகலா காட்டினாங்களே, அந்த வருசம். பட்டாளத்துல திருடினவன மன்னிச்சுடுவான், குடிச்சுட்டு வாந்தி எடுத்தவன மன்னிச்சுடுவான். இதுக்கு மன்னிப்பே கெடையாது.

எங்க ஊரு மாந்தாங்கல். கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. வூட்டுக்கு ஒருத்தன் பட்டாளம் எங்க ஊருல. சில வூட்டுல மூணு பேரு. பொண்ணு பாக்கப் போனாலே மொதல்ல கேக்கறது, மாப்புள எந்த ரெஜிமெண்ட்டுன்னுதான். நான் நாயக் ரேங்க்குல ரிட்டையர் ஆனவன். பேரு மாசிலாமணி. மிலிட்டரி மாசின்னு கேட்டா சின்னக் கொழந்தையும் வூட்டக் காட்டும். எழுபத்தொண்ணுல பார்டர்ல இருந்தேன். சுட்டீங்களான்னு கேப்பீங்க. சுடல, ரேஷன் ஸ்டோர்ல இருந்தேன். ஆனா பட்டினி கெடக்கறவன் எப்பிடி சுடுவான், சொல்லுங்க. பருப்பும் ஆட்டாவும் போவலன்னா சண்டையே கெடையாது.

பையன் பேரு தாமோதரன். அவனுக்குப் பட்டாளத்துக்குப் போவ இஷ்டம் இல்ல. டூவீலர் மெக்கானிக் கடை வெக்கறேன்னான். கை ஃபுல்லா கிரீஸோட வருவான், எனக்கு எரியும். மாந்தாங்கல்ல பொறந்துட்டு ஸ்பேனர் புடிக்கறியான்னு கேட்டேன். ஆள் எடுக்கற எடத்துக்கு நானே கையப் புடிச்சு இழுத்துக்கினு போனேன். ஓடினான், செலக்ட்டு ஆயிட்டான். அன்னிக்கி நான் தெருவுக்கே லட்டு குடுத்தேன். அவன் சாப்புடல. வயித்து வலின்னான்.

இவன் கொஞ்சம் மெதுவு தம்பி. மனசு மெத்து. கோழி அறுக்கறத நின்னு பாக்க மாட்டான். அதனாலதான் ஜெயவேலு கிட்ட சொல்லி வெச்சேன். ஜெயவேலு யாருன்னு சொல்லலையே. பக்கத்து ஊரு ஏரிப்பட்டு. இவன் இருந்த அதே பட்டாளக் கம்பெனியில ஹவில்தாரு. நல்ல தெறமசாலி. என்னை அண்ணே அண்ணேன்னு கூப்புடுவாரு. நான்தான் அவரு சின்னப் பையனா இருக்கும்போது பட்டாளத்துக்கு வழி காட்டினவன், அந்த விசுவாசம். சண்டைக்கு முந்துன வருசம் லீவுல வந்திருந்தாரு. வூட்டுக்குக் கூப்புட்டு நாட்டுக்கோழி அடிச்சு, கேன்டீன் ரம்மு ஊத்திக் குடுத்து சொன்னேன். "தம்பி, எம் பையன் உங்க கையில கீறான். பாவம் பாக்காதீங்க. கண்ணுல வெரல வுட்டு ஆட்டுங்க. ஆம்பளையா திருப்பி அனுப்புங்க." அவரு என் கையப் புடிச்சுக்கினு, "உங்க புள்ள என் புள்ளண்ணே"ன்னாரு. சொன்ன மாதிரியே செஞ்சாரு. பையன் லெட்டர்ல அழுவான், ஹவில்தாரு என்னை மட்டும் ரெட்ட டூட்டி போடறாரு, லீவு கேட்டா சிரிக்கறாருன்னு. எனக்கு சந்தோசமா இருக்கும். சொல்லி வெச்சது வேலை செய்யுதுன்னு.

கண்டக்டரே, அந்தப் பாட்டக் கொஞ்சம் கொறைங்க. காது கிழியுது. ஊருல சாவு விழுந்தாலும் இவனுங்களுக்குக் குத்துப் பாட்டுதான்.

எங்க வுட்டேன்? ஆங். சண்ட வந்துச்சு. எல்லாருக்கும் லீவு கேன்சலு. அந்த நேரம் பாத்து மருமவ குணசுந்தரி மாசமா இருந்தா. தங்கமான பொண்ணு, இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா எதுக்கெடுத்தாலும் பயம். எட்டாம் மாசம் காலு வீங்கிச்சு, மொகம் வீங்கிச்சு. பெரியாஸ்பத்திரியில பிரசர் ஏறிக் கெடக்குது, புருசன வரச் சொல்லுங்கன்னு எழுதிக் குடுத்தாங்க. மாமா, ஒரு தந்தி குடுங்க மாமான்னு என் காலாண்ட வந்து நின்னா. நான் சொன்னேன், "யம்மா, புள்ள பெக்கப் போறது நீயா அவனா? அவன் வந்து இன்னா பண்ணுவான்? அங்க நாடே பத்திக்கினு எரியுது." நவநீதம் உள்ளாரருந்து மொறச்சா. நான் கண்டுக்கல.

இந்தத் தந்தி சமாச்சாரம் உங்களுக்குத் தெரியாது தம்பி. வெளியாளுக்குத் தெரியாது. எங்க ஊருல லீவு வேணும்னா ஒரே வழி தந்திதான். 'மதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி.' தீவாளிக்கு வரணுமா, தந்தி. மச்சான் கல்யாணமா, தந்தி. சும்மா பொண்டாட்டி நெனப்பு வந்துச்சா, அதுக்கும் தந்தி. பொய்த் தந்தி போவாத வூடே எங்க ஊருல கெடையாது. என் சர்வீஸ்ல எங்கம்மா அஞ்சாறு தடவ சீரியஸ் ஆச்சு. சீரியஸுக்கு மசியலன்னா அடுத்த தந்தி 'எக்ஸ்பயர்டு'ன்னு போவும். ஒரு தடவ எங்கம்மாவ சாவடிச்சே லீவு வாங்கினேன். அதுக்கப்புறம் பதினஞ்சு வருசம் கல்லு மாதிரி இருந்துச்சு கெழவி. மொட்ட அடிச்சுக்கினு போவணுமேன்னு திருப்பதி போயி மொட்ட அடிச்சுக்கினு டூட்டிக்குப் போனேன். மேஜர் சாப் என்னைப் பாத்து அழுதாரு.

அதெல்லாம் அமைதி நேரம். சண்ட நேரத்துல அந்த மாதிரி தந்தி போனா இன்னா அர்த்தம்? பயந்துக்கினு ஓடி வரப் பாக்கறான்னு அர்த்தம். மாந்தாங்கல் பையன் ஓடி வந்தான்னு கம்பெனியே சிரிக்கும். நான் மாட்டேன்னு சொன்னதும் அந்தப் பொண்ணு சும்மா இருக்கலையே. அவ அண்ணனக் கூப்புட்டு அனுப்பிச்சு, அவன் தந்தி குடுத்துட்டான். 'வைஃப் சீரியஸ்.' எனக்கு எப்பிடி இருக்கும்? எனக்குத் தெரியாம, என் வூட்டுலருந்து!

ஜெயவேலு ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் ஏரிப்பட்டு எஸ்டிடி பூத்துக்குப் போன் பண்ணி சம்சாரத்துக்கிட்ட பேசுவாரு. சைக்கிள எடுத்துக்கினு போனேன். அந்தம்மா பேசி முடிச்சதும் ரிசீவர வாங்கினேன். "தம்பி, ஒரு தந்தி வந்திருக்கும்." "வந்துதுண்ணே, என் கையிலதான் கீது. பையன்கிட்ட இன்னும் சொல்லல. பெரிய ஆபீசரு சி.ஓ. சாப் கிட்ட எழுதிக் குடுத்தா எமர்ஜென்சின்னு வுட்டுடுவாரு. இன்னா பண்ணட்டும்?" அப்பிடித்தான் கேட்டாரு. நான் சொன்னேன், "நமக்குத் தெரியாத தந்தியா தம்பி? பொம்பளைங்க பண்ற வேல. அடுத்தது எக்ஸ்பயர்டுன்னு கூட வரும், நம்பிடாதீங்க. எந்தத் தந்தி வந்தாலும் சண்ட முடியற வரைக்கும் அவன அனுப்பாதீங்க. என் மானத்தக் காப்பாத்துங்க." "சரிண்ணே, நீங்க சொன்னா சரி"ன்னாரு.

நான் சொன்னது தப்பா? சொல்லுங்க. பத்து பேரு பொண்டாட்டி புள்ளன்னு கெளம்பிட்டா மலைய யாரு புடிக்கறது?

அடுத்த வாரமே அந்தப் பொண்ணுக்கு வலிப்பு வந்துடுச்சு. நான் ஒண்ணும் கல்லு இல்ல தம்பி. ஆட்டோ புடிச்சது நான்தான். தூக்கி வெச்சது நான்தான். வழியெல்லாம் பல்லக் கடிச்சுக்கினு, கண்ணு மேல சொருவி... வேணாம், அத வுடுங்க. கொழந்த வயித்துலயே போயிடுச்சு. அவளும் மறுநா விடியறதுக்குள்ள போயிட்டா. எம் மருமவளுக்கு நான் அழுதேன், ஊரே பாத்துச்சு. அவ அண்ணன் தகனம் முடிஞ்ச கையோட ரெண்டாவது தந்தி குடுத்தான். எக்ஸ்பயர்டுன்னு.

நீங்க கேக்க வர்றது புரியுது. ஜெயவேலுகிட்ட இது நெசம்னு நீங்க சொல்லலையான்னு கேக்கறீங்க. எப்பிடி சொல்லாம இருப்பேன்? ஞாயித்துக்கெழம பூத்துக்குப் போனேனே! மத்தியானம் வரைக்கும் நின்னேன். லைன் வரல. அங்க குண்டு போட்டுக்கினு கீறான், போன் எப்பிடி வரும்? நெசம்தான்னு ஒரு தந்தி நீங்களே குடுத்திருக்கலாமேன்னு பின்னால எல்லாரும் சொன்னாங்க. பின்னால சொல்றது ஈசி. அதான் எல்லாம் முடிஞ்சு போச்சே, பையன் வந்து சாம்பலத்தான் பாக்கப் போறான், சண்ட முடியட்டும், ஆற அமரச் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். அவன் நல்லதுக்குத்தான் இருந்தேன்.

பையனோட மச்சான்காரன் சும்மா இருக்கலாமில்ல? இன்லாண்டு லெட்டர்ல எல்லாத்தையும் எழுதிப் போட்டுட்டான். அது பதினஞ்சு இருவது நாளு கழிச்சு மலையேறிப் போயி இவன் கைக்குக் கெடச்சுக்கீது. அப்ப இவங்க கம்பெனி மேலருந்து எறங்கி கீழ கேம்புல ரெஸ்டுல இருந்துச்சாம். சாப்பாட்டு நேரம். இவன் லெட்டரப் படிச்சுட்டு நேரா ஜெயவேலுகிட்ட போயி, "எனக்குத் தந்தி வந்துச்சா சாப்?"னு கேட்டுக்கீறான். பக்கத்துல தட்டு கழுவிக்கினு இருந்த ஒரு மலையாளத்துப் பையன் கோர்ட்டுல சொன்ன சாட்சி இது. ஜெயவேலு சாப்புட்டுக்கினே, "ரெண்டு வந்துச்சு. எதுக்குக் குடுக்கலன்னு உங்க நைனாவப் போயிக் கேளுடா"ன்னாராம். அவருக்கு அப்பவும் அது பொய்த் தந்தின்னு நெனப்பு. சிரிச்சுக்கினேதான் சொல்லிக்கீறாரு.

இவன் அப்பிடியே திரும்பினானாம். போனானாம், துப்பாக்கிய எடுத்துக்கினு வந்தானாம், சுட்டானாம். சுட்டுட்டு கீழ வெச்சுட்டு, அவரு தலைய எடுத்து மடியில போட்டுக்கினு உக்காந்துட்டானாம். இழுத்துப் பாத்தும் வரலையாம்.

எனக்கு ஜெயவேலு மேல ஒரே ஒரு வருத்தம்தான் தம்பி. செத்தவரக் கொறை சொல்லக் கூடாது. ஆனா என் பேர எதுக்கு இழுக்கணும்? நிதானமா, இந்த மாதிரி தம்பி, மனசத் தேத்திக்கோன்னு சொல்லியிருந்தா இம்மாம் தூரம் போயிருக்குமா?

தண்ணி கீதா உங்ககிட்ட? குடுங்க, ஒரு வாயி. நாக்கு ஒட்டிக்குது.

இதுக்கு மேலதான் இருக்கு கூத்து. ஊருக்கு மொதல்ல வந்த சேதி அரைகொறையா வந்துச்சு. வேற ரெஜிமெண்ட்டு ஆளு ஒருத்தன் போன்ல சொல்லியிருக்கான், உங்க தாமோதரன் கம்பெனியில ஃபையரிங்கு, நம்ம பக்கத்து ஆளு ஒருத்தன் காலின்னு. நம்ம பக்கத்து ஆளுன்னா யாரு? ஊரு முடிவே பண்ணிடுச்சு, தாமோதரன்தான்னு. சாயங்காலத்துக்குள்ள போஸ்டர் அடிச்சுட்டானுங்க. பட்டாளத்து ஊரு இல்லையா, எல்லா வூட்டுலயும் யூனிபாரம் போட்டோ தயாரா இருக்கும். எம் பையன் மொகம் செவுரு செவுரா. வீர வணக்கம்னு. ஸ்கூலு புள்ளைங்க வரிசையா நின்னுச்சு. கட்சிக்காரனுங்க மூணு கட்சியிலருந்தும் வந்து மாலை போட்டானுங்க. நான் பொட்டியத் தொறந்து என் மெடலெல்லாம் குத்திக்கினு வாசல்ல அட்டென்ஷன்ல நின்னேன். நவநீதம் மண்ணுல பொரண்டுக்கினு கீறா. எனக்கும் வயிறு எரியுது. ஆனா உண்மையச் சொல்லணும்னா தம்பி, நெஞ்சு நிமிந்துச்சு. நம்ம புள்ள ஆம்பளையா போயிட்டான்னு நிமிந்துச்சு.

மறுநா போலீஸ் ஜீப்பு வந்துச்சு. இன்ஸ்பெக்டரு மெடலையெல்லாம் பாத்துட்டு எனக்கு சல்யூட்டு அடிச்சாரு. அடிச்சுட்டு உள்ள கூப்புட்டாரு. நான் பெருமையா, எல்லாரு முன்னாலயும் சொல்லுங்க சார்னேன். அவரு தயங்கினாரு. சொல்லிட்டாரு. உங்க பையன் உசுரோட கீறான், காவல்ல கீறான், செத்தது ஏரிப்பட்டு ஜெயவேலு, சுட்டது உங்க பையன்னு.

நவநீதம் மண்ணுலருந்து எழுந்தா. தலையெல்லாம் புழுதி. "கீறானா? எம் புள்ள கீறானா?"ன்னு அந்த இன்ஸ்பெக்டரு கையப் புடிச்சுக்கினு சிரிக்கறா, கும்புடறா, போறவன் வர்றவனையெல்லாம் கும்புடறா. மூணு கட்சிக்காரனும் மாலையோட நிக்கறான். ஸ்கூலு வாத்தியாரு புள்ளைங்கள வூட்டுக்குப் போங்கன்னு வெரட்டறாரு. அந்தக் கூட்டத்துல என் வாயிலருந்து வந்துடுச்சு, "நேத்தே செத்திருந்தா நல்லா இருந்திருக்கும்"னு.

எந்த அப்பனுக்கும் அந்த எடத்துல வரும். கோவத்துல வர்ற வார்த்த. நவநீதம் திரும்பி என்னைப் பாத்தா. அன்னியிலருந்து பேச்ச நிறுத்திட்டா. சோறு போடுவா, துணி தொவைப்பா. பேச்சு கெடையாது. பத்து வருசம் ஒரு வூட்டுல, எருமை மாடு கூட சத்தம் குடுக்கும்.

போஸ்டரையெல்லாம் நானே கரண்டி எடுத்துக்கினு போயி சுரண்டினேன். பட்டப் பகல்ல. ஊரே கதவாண்ட நின்னு பாத்துச்சு, ஒருத்தனும் கிட்ட வரல. பசை காஞ்சு போச்சு, மொகம் பாதி பாதியா வருது. கண்ணு மட்டும் செவுத்துல ஒட்டிக்கினு வரவே மாட்டேங்குது. சுரண்டிக்கினே அழுதேன். அத யாரும் பாக்கல.

ஜெயவேலு காரியத்துக்குப் போனேன். போவாதன்னாங்க, அடிப்பானுங்கன்னாங்க. அடிச்சா வாங்கிக்கலாம்னு போனேன். ஒருத்தரும் அடிக்கல. அந்தம்மா வெள்ளச் சீலையோட உக்காந்துக்கினு இருந்துச்சு. மடியில பொம்பளப் புள்ள. என்னைப் பாத்து, "உங்க வார்த்தைய அவரு ஒரு நாளும் தட்டினதில்லண்ணே"ன்னு சொல்லிச்சு. அவ்ளோதான். பாத்தீங்களா, எம்மாம் மரியாதை! புருசனக் கொன்னவன் அப்பன், ஒரு சுடுசொல்லு கெடையாது. பெரிய மனசு அந்தம்மாவுக்கு.

அப்புறம் கோர்ட் மார்ஷல். அவன் பக்கம் வாதாட ஒரு கேப்டன் சாப் போட்டிருந்தாங்க. சின்ன வயசு. அவரே போன் பண்ணி என்னை வரச் சொன்னாரு. மூணு நாளு ரயிலு. போன உடனே காபி வாங்கிக் குடுத்து சொன்னாரு, "நீங்க ஒண்ணும் பெருசா சொல்ல வேணாம். தந்தி நெசம், அத நிறுத்தச் சொன்னது நான், அது என் தப்பு, பையனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லுங்க. அந்த நிமிசத்து ஆத்திரத்துல நடந்ததுன்னு நான் தண்டனையக் கொறைக்கப் பாக்கறேன்." சரின்னுதான் தலையாட்டினேன்.

உள்ள போனா யூனிபாரத்துல ஆபீசருங்க வரிசையா உக்காந்துக்கினு கீறாங்க. எத்தினி வருசம் ஆச்சு அந்த மாதிரி ஒரு ரூம்ல நின்னு! தானா காலு சேந்துக்குச்சு, சல்யூட்டு அடிச்சேன். கேட்டாங்க, நீங்கதான் லீவ நிறுத்தச் சொன்னீங்களான்னு. ஆமா சாப்னேன். ஏன்னு கேட்டாங்க. தப்புன்னு சொல்லணும், வாயி வரல தம்பி. அந்த எடத்துல நின்னுக்கினு, நாட்டுக்காக சொன்னது தப்புன்னு எப்பிடி சொல்றது? "சண்ட நேரத்துல போஸ்ட்ட வுட்டு நகரக் கூடாது சாப். ஒரு சிப்பாய் சொல்ல வேண்டியதத்தான் சொன்னேன். இன்னிக்கிக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். என் புள்ளைன்னு பாக்காதீங்க, சட்டப்படி செய்யுங்க"ன்னேன். நடுவுல இருந்த பெரிய ஆபீசரு பேனாவக் கீழ வெச்சுட்டு என்னையே பாத்தாரு. கேப்டன் சாப் தலையில கைய வெச்சுக்கினாரு. தாமோதரன் கைதிக் கூண்டாண்ட நின்னுக்கினு இருந்தான். கறுத்துப் போயி, எளச்சு. என்னைப் பாத்துக்கினே இருந்தவன் பார்வையத் திருப்பிக்கினான். அதுக்கப்புறம் இன்னிக்கி வரைக்கும் அவன் மொகத்த நான் பாக்கல.

தமிழ்நாட்டு ஜெயிலுக்கு மாத்திக் குடுத்தாங்க. ஒவ்வொரு மாசமும் மனு போட்டுப் பாக்கப் போவேன். பிஸ்கோத்து, வாழப்பழம், அவனுக்குப் புடிச்ச முறுக்கு எல்லாம் வாங்கிக்கினு போவேன். வார்டரு உள்ள போயிட்டு வந்து, வரமாட்டேன்றாரு பெரியவரேம்பான். நவநீதம் போனா மட்டும் வருவான். அவ பாத்துட்டு வர்ற வரைக்கும் நான் ரோட்டுக்கு எதிர் சைடு டீக்கடையில உக்காந்திருப்பேன். எப்பிடி கீறான்னு கேப்பேன். அவதான் பேசமாட்டாளே. மொகத்தப் பாத்து நானே புரிஞ்சுக்கணும்.

நேத்து பேசினா தம்பி. பத்து வருசத்துல மொத தடவ. கூப்புட்டா, கிட்டப் போனேன். வாயாண்ட காத வெச்சாதான் கேக்குது. "நாளைக்கு ஒரு நாளு எங்கயாவது போயிடுங்க"ன்னா. பத்து வருசம் சேத்து வெச்ச பேச்சு அதுதான். சரின்னேன். தலைய வாரி வுடட்டுமா, புள்ள வரும்போது நல்லா இருக்கட்டும்னு கேட்டேன். கஸ்தூரி பாத்துக்கும்னா.

போளூர் வந்துடுச்சா? இல்லையா, இன்னும் இருக்கா. இருங்க, போனு அடிக்குது. கஸ்தூரிதான்.

அலோ. சொல்லுமா. வந்துட்டானா? ஆங். ஆங். எப்பிடி கீறான்? சாப்புட்டானா? அழுவாம சொல்லு, ஒண்ணும் கேக்கல. பஸ்ஸுல கீறேன், சத்தமா சொல்லு.

எப்போ?

அவன் அவ வாயில தண்ணி ஊத்தினானா? குடிச்சாளா? சரி. சரிமா. நான் எறங்கி வந்துடறேன். ஒரு மணி நேரத்துல வந்துடறேன். இன்னா? ஏன்? ... போன அவன்கிட்ட குடு. குடு கஸ்தூரி, நான் பேசிக்கறேன். ஒரு வார்த்த.

நான் வாசல்லயே நிக்கறேன்னு சொல்லு. உள்ள வரமாட்டேன்னு சொல்லு. தெருக்கோடியில நிக்கறேன், பாடை போவும்போது மொகத்த மட்டும் பாத்துக்கறேன். கேட்டுச் சொல்லு. ... இன்னா சொல்றான்?

சரி. நீ அழுவாத. அவன் கையால கொள்ளி வெக்கணும்னுதான அவ உசுர வெச்சுக்கினு இருந்தா. அது கெட வேணாம். எடுத்துடுங்க. மஞ்சப் பட்டுப்பொடவ பீரோவுல அடியில கீது பாரு, அதக் கட்டு. வெச்சுடறேன்.

போயிட்டா தம்பி. அவன் வந்து ஒரு மணி நேரம் இருந்தாளாம். அவன் மடியில தல வெச்சுக்கினு போயிட்டாளாம். வண்டி திரும்பறதுக்குள்ள எரிச்சுடணும், போலீஸு அதுக்கு மேல வுடாது. நான் தெருவுக்குள்ள கால வெச்சாலே அவன் வண்டியில ஏறி உக்காந்துக்குவானாம், கொள்ளி வெக்கமாட்டேன்னு சொல்றானாம். கஸ்தூரி கால்ல விழுந்து கேட்டுச்சாம். கால இழுத்துக்கினானாம்.

வேணாம் தம்பி, கண்டக்டரக் கூப்புடாதீங்க. எறங்கி இன்னா பண்றது? எறங்கினா எங்க போறது? உக்காருங்க. பஸ்ஸு போவட்டும்.

முப்பத்தெட்டு வருசம் குடும்பம் நடத்துன பொண்டாட்டி. நான் பட்டாளத்துல இருக்கும்போது ஒத்தையில வூட்டத் தாங்கினவ. கடைசியா ஒரு தடவ மொகத்தப் பாக்க வுடல. ஒரு கைப்பிடி அரிசி வாயில போட வுடல. கொலகாரனுக்குக் கூட கவருமெண்ட்டு பரோலு குடுக்குது தம்பி. செத்துக் கெடக்கறவ புருசனுக்கு இல்ல. பொண்டாட்டி சாவுக்குப் போறவன வராதன்னு சொல்றதுக்கு எப்பிடி மனசு வரும்? எந்த மனுசனுக்காவது வருமா? நீங்க படிச்சவரு, நாலு எடம் போறவரு, நீங்களே சொல்லுங்க. அந்த மாதிரி ஒருத்தன நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?

இன்னா தம்பி, ஏன் அப்பிடிப் பாக்கறீங்க?